காசு கொடுக்காமல் உட்கார ஓர் இடம்: பனகல் பூங்காவின் கதை

எல்லோருக்கும் வணக்கம்.

சென்னை தினத்தை ஒட்டிப் பேச வேண்டும் என்றதும், கோட்டையையும் மெரினாவையும் பிறர் பார்த்துக்கொள்வார்கள், நான் தி.நகர் பனகல் பூங்காவைப் பற்றிப் பேசுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். 'பனகல் பார்க்' என்றால் இன்றைக்கு பஸ் ஸ்டாப் நினைவுக்கு வருகிறது, பட்டுப்புடவைக் கடை நினைவுக்கு வருகிறது, நெரிசல் நினைவுக்கு வருகிறது. நடுவில் ஒரு பூங்கா இருக்கிறது என்பது கடைசியில்தான் வருகிறது. அதனால்தான் இந்தப் பேச்சு.

முதலில் தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டும். நூறு வருஷத்துக்கு முன்னால் தி.நகர் என்று ஓர் ஊரே இல்லை. நுங்கம்பாக்கம், மாம்பலம் என்று மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே நீண்டு கிடந்த ஏரிதான் இருந்தது. ஆங்கிலேயர்கள் அதன் நீளத்தைப் பார்த்து 'லாங் டேங்க்' என்றே பெயர் வைத்தார்கள். மேற்கு மாம்பலத்தில் இன்றும் லேக் வியூ ரோடு இருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு இருக்கிறது. அந்த ஏரியும் கரையும் பெயரில் மட்டும் மிஞ்சியிருக்கின்றன.

1920-களில் நகரத்தில் குடியிருக்க இடம் போதவில்லை. 1920-இல் சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் வந்தது. 1923-இல் ஏரியை வடிக்கத் தொடங்கி, அந்த நிலத்தில் மனை பிரித்தார்கள். ஏரியை வடித்தது சரியா என்று கேட்டால், என் மனதில் பட்டதைச் சொல்கிறேன்: சரியில்லை. அதற்கான விலையை இந்தப் பகுதி இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறது. 2021 நவம்பர் மழையில் பாண்டி பஜாரிலும் ஜி.என். செட்டி சாலையிலும் தண்ணீர் நாள்கணக்கில் நின்றதே, பார்த்தோம். ஏரிக்குப் பதிலாக நமக்கு மிஞ்சியது மாம்பலம் கால்வாய் ஒன்றுதான். நுங்கம்பாக்கம் பக்கத்துத் தண்ணீரையும் தி.நகர் தண்ணீரையும் நந்தனம் வழியாக அடையாற்றில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியது அதுதான். அது அடைத்துக்கொண்டால் தண்ணீருக்கு வேறு போக்கிடம் இல்லை.

ஆனால் ஏரியை வடித்தவர்கள் ஒரு நல்ல காரியமும் செய்தார்கள். மனை விற்று மீந்த மூலையைப் பூங்காவுக்கு என்று ஒதுக்கவில்லை. வரைபடத்தின் நடுவிலேயே பூங்காவை வைத்தார்கள். உஸ்மான் சாலை, தியாகராய சாலை, வெங்கட்நாராயணா சாலை, ஜி.என். செட்டி சாலை எல்லாம் அங்கே வந்து சேருகிற மாதிரி போட்டார்கள். பூங்காவைச் சுற்றித்தான் ஊர் வந்தது. இதை அழுத்திச் சொல்கிறேன். ஏனென்றால் இப்போது, கடைகளுக்கு நடுவே எப்படியோ விற்காமல் விட்டுப்போன நிலம் மாதிரி அதைப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது.

சரி, பெயருக்கு வருவோம். 1916-இல் நீதிக்கட்சியைத் தொடங்கியவர்கள் மூன்று பேர்: பிட்டி தியாகராயர், டி.எம். நாயர், நடேச முதலியார். ஊருக்குத் தியாகராயர் பெயர், ஒரு சாலைக்கு நாயர் பெயர், வெங்கட்நாராயணா சாலையில் இருக்கிற பூங்காவுக்கு நடேசன் பெயர். ஒரு கட்சியின் வரலாற்றைத் தெரிந்துகொள்ள தி.நகரில் ஒரு மணி நேரம் நடந்தால் போதும். நடுவில் இருக்கிற பெரிய பூங்காவுக்கு வாய்த்தது அதே கட்சியைச் சேர்ந்த பனகல் அரசர் பெயர்.

ராமராயநிங்கார் என்பது அவர் பெயர். 1866-இல் காளஹஸ்தியில் பிறந்தவர். 1921 ஜூலையிலிருந்து 1926 டிசம்பர் வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சர். தி.நகர் உருவானது அவர் ஆட்சிக் காலத்தில்தான். அரசு வேலையில் எல்லாச் சமூகத்தாருக்கும் இடம் வேண்டும் என்ற முதல் வகுப்புவாரி ஆணை 1921-இல் வந்தது. கோயில் சொத்துகளை அரசு மேற்பார்க்க வழி செய்த அறநிலையச் சட்டம் வந்தது. மருத்துவக் கல்லூரியில் சேர சமஸ்கிருதம் தெரிந்திருக்க வேண்டும் என்ற தடையும் நீங்கியது. இந்தக் கடைசி விஷயத்தில் எனக்கு அவர் மேல் தனி மரியாதை உண்டு. அவரே சமஸ்கிருதம் படித்தவர். தான் ஏறிவந்த படி மற்றவர்களுக்குச் சுவராக நிற்கக் கூடாது என்று நினைத்திருக்கிறார். 1928 டிசம்பரில் காலமானார். எல்லாரும் உள்ளே வரலாம் என்பதற்காகச் சண்டை போட்ட ஒரு மனிதர் பெயரில், எல்லாரும் உள்ளே வரக்கூடிய ஓர் இடம். இந்தப் பொருத்தம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

அப்புறம் கடைகள் வந்தன. பூங்காவுக்கு எதிரே இருக்கிற நல்லி 1928-இல் தொடங்கியது. அதாவது ஊருக்கும் அந்தக் கடைக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனால் வீடுகளுக்காகப் போட்ட ஊர், அறுபது எழுபது வருஷத்தில் முழுக்கக் கடைத்தெரு ஆகும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். கல்யாணத்துக்குத் துணி எடுக்க வேலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். கையில் நாலு பை, இடுப்பில் குழந்தை, கூட ஒரு பாட்டி. அந்தப் பாட்டிக்கு மூட்டு வலி. எங்கே உட்காருவார்? ஹோட்டலில் உட்கார்ந்தால் ஏதாவது சாப்பிட வேண்டும். கடையில் உட்கார்ந்தால் ஏதாவது வாங்க வேண்டும். பூங்காவில்தான் வெறுமனே உட்காரலாம்.

கடைக்குள் வேலை பார்ப்பவர்களையும் நினைத்துப் பாருங்கள். காலையிலிருந்து இரவு வரை நின்றுகொண்டே புடவை விரித்துக் காட்டுகிறவர்கள். அவர்களுக்கு உட்கார இருக்கை கொடுத்தாக வேண்டும் என்று 2021-இல்தான் நம் சட்டமன்றம் சட்டத்தைத் திருத்தியது. உட்காருவதற்கே சட்டம் தேவைப்பட்ட ஊரில், ஒரு பொது பெஞ்சின் மதிப்பு என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. 2019-இல் பாண்டி பஜாரில் நடைபாதையை அகலப்படுத்தி இருக்கைகளும் போட்டார்கள். நல்ல காரியம், மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அது வெயிலும் வண்டிச் சத்தமும் உள்ள இடம். பூங்காவின் நிழலுக்கு அது ஈடாகாது.

இப்போது மெட்ரோ. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி போகிற வழித்தடத்தில், பனகல் பூங்காவில் நிலத்தடி நிலையம் வருகிறது. அதற்காகப் பூங்காவின் ஒரு பகுதி வேலிக்குள் போய்விட்டது. மெட்ரோ வேண்டும் என்று சொல்கிறவன் நான். இவ்வளவு பேர் வந்து போகிற இடத்துக்கு ரயில்தான் வழி. ஆனால் ஷெனாய் நகர் திரு.வி.க. பூங்காவின் கதையை மறந்துவிடக் கூடாது. மெட்ரோ வேலைக்காக அதை 2011-இல் மூடினார்கள். நிலையத்தில் 2017 மே மாதமே ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. பூங்கா திறந்தது 2023-இல். ரயில் வந்த பிறகும் ஆறு வருஷம் அந்தப் பகுதிக் குழந்தைகளுக்கு பூங்கா கிடைக்கவில்லை. மூடியபோது ஐந்து வயதாக இருந்த பிள்ளை, திறந்தபோது கல்லூரிக்குப் போகிற வயதுக்கு வந்துவிட்டது.

இன்னொன்றும் உண்டு. நிலத்தடி நிலையத்துக்கு மேலே கான்கிரீட் கூரை இருக்கும். அதன் மேல் எத்தனை அடி மண் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அங்கே மரம் வளருமா, புல்லும் பூச்செடியும் மட்டும்தானா என்பது முடிவாகும். ரயில் நிலையத்தின் வாசல், காற்றுப் போக்கிகள், லிஃப்ட் அறை எல்லாம் பூங்கா நிலத்தில் எவ்வளவு இடம் பிடிக்கப்போகின்றன என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. எல்லாம் கட்டி முடித்த பிறகு கேட்டால் பதில் கிடைக்கும், நிலம் கிடைக்காது.

2022-இலிருந்து மாநகராட்சி வார்டுகளில் பகுதி சபை என்கிற மக்கள் கூட்டம் கூடுகிறது. நம்மில் பலர் போவதில்லை. அடுத்த கூட்டத்துக்கு தி.நகர்க்காரர்கள் பத்துப் பேராவது போங்கள். பூங்காவில் எத்தனை அடி மண் போடப்போகிறீர்கள், எந்த மாதம் திறப்பீர்கள், எத்தனை மரம் நடுவீர்கள் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். கடையில் வேலை பார்க்கிற பெண்கள் வர முடிகிற நேரத்தில் கூட்டம் வைக்கச் சொல்லியும் கேளுங்கள், அந்தப் பூங்கா அவர்களுக்குத்தான் அதிகம் தேவை.

நன்றி, வணக்கம்.