இரண்டு முறை புளிக்கும் கூழ்

நடுவர் அவர்களே, பாலக்கோட்டுத் திருவிழாவுக்குத் திரண்டு வந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே! புளித்த பானங்களில் உடலுக்குப் பெரிதும் உதவுவது வீட்டுப் பானையா, கடைப் புட்டியா என்பது தலைப்பு. நான் பானையின் பக்கம்.

எனக்கு முன் பேசிய தம்பி, புளித்த தேநீரான கொம்புச்சாவையும் புளித்த பாலான கெஃபிரையும் புகழ்ந்தார். பெங்களூருவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் ஊருக்கு வரும்போது அந்தப் புட்டிகளும் ஓசூர் வழியாக வந்து சேர்கின்றன. அதில் எனக்கு வருத்தம் இல்லை. 300 மில்லி கோலாவில் 30 கிராம் அளவுக்குச் சர்க்கரை கரைந்திருக்கிறது. அதைக் கீழே வைத்துவிட்டுப் புளித்த பானத்தைத் தேடும் பிள்ளையை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால், "கூழ் வயிற்றை நிரப்பும், அவ்வளவுதான், அறிவியல் புட்டியில்தான் இருக்கிறது" என்றாரே, அங்கேதான் அவரோடு மோதுகிறேன்.

நம் வீட்டில் கூழ் எப்படி உருவாகிறது? இரவில் கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைக்கிறோம். மறுநாள் நொய் வேகும் பானையில் அதை ஊற்றிக் கிண்டி, ஆறவிட்டு, மூடி வைக்கிறோம். அதற்கடுத்த காலையில்தான் மோரும் உப்பும் சேர்த்துக் கையால் கரைத்து, சின்ன வெங்காயத்தோடு குடிக்கிறோம். ஆக, இரண்டு இரவுகள், இரண்டு புளிப்புகள். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது; அரிசியில் அதில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. ஆனால் தானியத்திலுள்ள ஃபைட்டிக் அமிலம் அந்தச் சுண்ணாம்பையும் இரும்பையும் உடலுக்குத் தராமல் இறுகப் பிடித்துக்கொள்ளும். முதல் இரவின் புளிப்பு அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. "அடுப்பில் ஏற்றினால் புளிக்க வைக்கும் நல்ல நுண்ணுயிர்கள் செத்துவிடுமே?" என்று கேட்டார் தம்பி. சாகும்! அதனால்தான் இரண்டாவது இரவு முக்கியம். ஆறிய கூழில் அவை மறுபடி பெருகுகின்றன. காலையில் ஊற்றும் மோர் இன்னொரு படையைக் கூட்டி வருகிறது. நுண்ணோக்கியைக் கண்ணால்கூடப் பார்த்திராத நம் பாட்டிகளின் கை இது, ஐயா! புட்டியிலோ, பல நாள் கெடாமல் இருக்கவேண்டும் என்று சில தயாரிப்பாளர்கள் சூடேற்றி அடைக்கிறார்கள். பிறகு அதில் உயிர் ஏது?

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 2021இல் வெளியிட்ட ஆய்வைத் தம்பி சாட்சிக்கு அழைத்தார். அதில் பங்கேற்ற 36 பேரில் ஒரு பகுதியினர் பத்து வாரம் புளித்த உணவுகளை உண்டார்கள். குடலில் நுண்ணுயிர் வகைகள் கூடின, அழற்சியைக் காட்டும் புரதங்கள் குறைந்தன. மகிழ்ச்சி. அவர்கள் உண்டவற்றில் தயிரும் இருந்ததே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? ஒரு நாளில் பலமுறை, வாரக்கணக்கில் உண்டதால் வந்த பலன் அது. தக்காளி பறிக்கக் கூலிக்குப் போகும் குடும்பம் ஐந்து பேருக்கும் தினமும் புட்டி வாங்குமா? பானையை நிரப்பும், நிரப்பிக்கொண்டுதான் இருக்கிறது.

கூழில் ஊற்றும் தண்ணீர் நல்லதா என்று எதிரணி அம்மையார் கேட்டார். அது நெஞ்சில் தைத்த கேள்வி. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கலந்து, பல்லில் கறையும் எலும்பில் வலியுமாக எத்தனை பேரைப் பார்த்துவிட்டோம்! காய்ச்சினாலும் அது போகாது, புளிக்க வைத்தாலும் போகாது. ஆகவே கூழுக்கு ஆழ்துளைக் கிணற்று நீர் வேண்டாம், தாய்மார்களே; ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரைப் பிடித்து வையுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள், கூழிலும் மாவுச்சத்து உண்டு என்பதை மறக்காமல் அளவோடு குடியுங்கள். இவற்றை மறைத்து எனக்கு வெற்றி வேண்டாம். ஆனால் தண்ணீரின் குறையைப் பானையின் தலையில் கட்டாதீர்கள்.

நடுவர் அவர்களே, மணி அடித்துவிட்டீர்கள். தீர்ப்பு உங்களுடையது. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஊர்ப் பெரியவர்களிடம் மட்டும் ஒன்று கேட்டு இறங்குகிறேன்: வெயிலில் தள்ளுவண்டியோடு நின்று கூழ் ஊற்றும் அந்த அக்காவுக்கு, ஒரு குழாய் நல்ல தண்ணீரும் நிற்க ஒரு நிழலும் இந்த ஆடிக்குள் ஏற்பாடு செய்துகொடுங்கள்.