அவரவர் சந்து

வணக்கம் நேயர்களே.

2006ஆம் ஆண்டு டிசம்பர் 10. அமெரிக்காவில் ஜாக்சன்வில் நகரத்து மைதானம். அமெரிக்கக் கால்பந்தில் உள்ளூர் அணியான ஜாகுவார்ஸும் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸும் மோதுகின்றன. ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே ஜாகுவார்ஸின் ஃபிரெட் டெய்லர் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு 76 யார்டு ஓடிவிட்டார். அது முன்னோட்டம்தான். அன்று அவர் மொத்தம் 9 முறை ஓடி 131 யார்டு எடுத்தார். அவருடைய இளைய கூட்டாளி மொரிஸ் ஜோன்ஸ்-ட்ரூ 15 முறை ஓடி 166 யார்டு. அணியாகச் சேர்த்து 375 யார்டு. அந்த ஆட்டக்களமே கோட்டுக்குக் கோடு 100 யார்டுதான். கோல்ட்ஸ் 44-17 என்று தோற்றது.

சரியாக 56 நாள் கழித்து, 2007 பிப்ரவரி 4 அன்று, மயாமியில் கொட்டுகிற மழையில் அதே கோல்ட்ஸ், அந்த ஆட்டத்தின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுல் கோப்பையைத் தூக்கியது.

ஓட்டத்தைத் தடுக்கத் தெரியாத கூட்டம் என்று பெயரெடுத்த ஓர் அணி எட்டே வாரத்தில் எப்படித் தேறியது? வானொலி நிலையத்தார் விளையாட்டைப் பற்றி ஏதாவது பேசுங்கள் என்று அழைத்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இந்தக் கதைதான். அணிகள் ஜெயிக்கிற விதத்தைவிடத் தோற்கிற விதத்தைப் பார்ப்பதில் எனக்கு எப்போதும் ஒரு ருசி உண்டு.

இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்கு முதலில் நாலு வரி சொல்லிவிடுகிறேன். அமெரிக்கர்கள் கால்பந்து என்பது நாம் உதைத்து ஆடுகிற பந்தாட்டம் அல்ல. பந்து நீள்வட்டமாக இருக்கும். பெரும்பாலும் கையில்தான் இருக்கும். பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நாலு வாய்ப்பு. அதற்குள் 10 யார்டு முன்னேறிவிட்டால் மறுபடி நாலு வாய்ப்பு கிடைக்கும். முன்னேற இரண்டு வழி. குவார்ட்டர்பேக் பந்தை எறிய, கூட்டாளி ஓடிப்போய்ப் பிடிப்பது ஒன்று. ரன்னிங் பேக் என்பவரின் கையில் பந்தைக் கொடுத்து, எதிரிகளுக்கு நடுவே முட்டி மோதி ஓட விடுவது இன்னொன்று. இந்த இரண்டாவதை ஏன் சில அணிகளால் தடுக்க முடிவதில்லை என்பதுதான் என் பேச்சு.

கோல்ட்ஸுக்கு அந்த ஆண்டு டிசம்பர் 10 மட்டும் கெட்ட நாள் என்று சொல்லிவிட முடியாது. 16 ஆட்டங்களில் ஆட்டத்துக்குச் சராசரியாக 173 யார்டு ஓட விட்டார்கள். 32 அணிகளில் கடைசி இடம். ஒரு ஓட்டத்துக்கு 5.3 யார்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள், இரண்டு முறை ஓடினாலே 10 யார்டு தாண்டிவிடும். எதிரணி பந்தை எறியவே வேண்டியதில்லை. எதிராளிகளுக்கு இதில் இன்னொரு லாபமும் இருந்தது. கோல்ட்ஸின் குவார்ட்டர்பேக் பெய்ட்டன் மேனிங். அவர் களத்தில் இருந்தால் ஆபத்து. ஓடிக்கொண்டே இருந்தால் கடிகாரமும் ஓடும், மேனிங் ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

சரி, ஏன் தடுக்க முடியவில்லை? எல்லோரும் சொன்ன பதில், ஆட்கள் எடை போதாது என்பது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. பயிற்சியாளர் டோனி டங்கி வேண்டுமென்றேதான் பெரிய உருவங்களை விட்டுவிட்டு வேகமான ஆட்களைச் சேர்த்திருந்தார். மேனிங் சீக்கிரமே புள்ளிகளைக் குவித்துவிடுவார். பின்தங்கிய எதிரணி வேறு வழியில்லாமல் பந்தை எறியும். எறிகிறவரைத் துரத்திப் பிடிக்க ட்வைட் ஃப்ரீனி, ராபர்ட் மேத்திஸ் என்று இரண்டு பக்கமும் இரண்டு சிறுத்தைகள். கணக்கு அழகாகத்தான் இருந்தது. நடுவில் நின்று பாரம் தாங்க வேண்டிய கோரி சைமன் அந்தப் பருவத்தில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. அதனால் அக்டோபரில் டாம்பா பே அணியிலிருந்து ஆந்தனி மெக்ஃபார்லண்டை வாங்கி வந்தார்கள். நல்ல பருமனான ஆள், டங்கியிடம் முன்பே ஆடியவர். ஆனால் அவர் வந்த பிறகுதான் அந்த 375 யார்டு நடந்தது. எடை மட்டுமே நோய் என்றால் மருந்து வேலை செய்திருக்க வேண்டுமே.

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். வானொலியில் கையால் வரைந்து காட்ட முடியாது, அதனால் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். பந்து வைத்திருக்கும் அணியின் ஐந்து தடியர்கள் வரிசையாகக் குனிந்து நிற்கிறார்கள். ஐந்து பேருக்கு நடுவே நாலு சந்து. இரண்டு கோடியிலும் வெளிப்பக்கம் ஒவ்வொன்று, ஆக ஆறு. ஒரு பக்கத்தில் டைட் எண்ட் என்ற ஆறாவது ஆள் ஒட்டி நின்றால் ஏழு. ஓடுகிறவருக்கு முன்னால் வழி திறந்துகொண்டு ஃபுல்பேக் என்று ஒருவர் போவார். அவர் எந்தச் சந்தில் நுழைகிறாரோ அது இரண்டாகிவிடும். எட்டு. அங்கே பயிற்சியாளர்கள் இதை கேப் என்பார்கள். நாமும் அன்றாடம் சொல்கிற வார்த்தைதான், கேப்பில் புகுந்து போய்விட்டான் என்று.

தடுக்கிற அணியில் முன்வரிசையில் நாலு பேர். அவர்களுக்குப் பின்னால் லைன்பேக்கர் மூன்று பேர். ஏழு பேர், ஆளுக்கு ஒரு சந்து. எட்டாவது ஆள் பின்னாலிருந்து வர வேண்டும்.

இப்போது அந்த ஏழு பேரில் ஒருவரின் வேலையை நினைத்துப் பாருங்கள். பந்தைத் துரத்துவது அவர் வேலை இல்லை. தன் சந்தில் நிற்பதுதான் வேலை. பந்து வலப்பக்கம் போகிறது, கூட்டமே அந்தப் பக்கம் பாய்கிறது, மைதானத்தில் 60 ஆயிரம் பேர் கத்துகிறார்கள். ஆனால் உன் சந்து இடப்பக்கம், நீ அங்கேயே இரு. 20 முறை அப்படி நின்றால் 19 முறை அந்தப் பக்கம் யாரும் வரமாட்டார்கள். வீட்டில் தொலைக்காட்சியில் பார்க்கிறவர்கள் இவன் ஏன் மரம் மாதிரி நிற்கிறான் என்று கேட்பார்கள். இருபதாவது முறை அவர் ஒரே ஒரு அடி வலப்பக்கம் எடுத்து வைப்பார். ஓடுகிறவர் அதற்காகத்தான் காத்திருக்கிறார். சட்டென்று காலை ஊன்றி இடப்பக்கம் திரும்பி, அந்தச் சந்தில் சிந்து பாடிக்கொண்டு 40 யார்டு போய்விடுவார்.

கபடி பார்க்கிறவர்களுக்கு இது புதிதில்லை. பிடிக்கிற அணியின் கோடியில் நிற்கும் கார்னர் ஆட்டக்காரர் ஆசைப்பட்டு அரை விநாடி முன்னால் பாய்ந்தால் என்ன ஆகும்? பாடி வந்தவர் அவர் விட்ட இடத்தின் வழியாகவே கோட்டுக்குத் திரும்பிவிடுவார்.

ஒருவர் மட்டும் தவறு செய்தால் அதோடு போயிற்று. ஆனால் இது ஒட்டிக்கொள்கிற வியாதி என்பதுதான் சிக்கல். பக்கத்தில் நிற்பவர் இரண்டு முறை கோட்டை விட்டதைப் பார்த்த லைன்பேக்கருக்கு அடுத்த முறை மனசு கேட்காது. அவர் சந்துக்கும் சேர்த்து ஒரு கண் வைப்போம் என்று கொஞ்சம் நகர்வார். நல்ல எண்ணம்தான். வயலில் அந்தப் பக்கத்து உடைப்பை அடைக்க ஓடும்போது இந்தப் பக்கத்து வரப்பு கரைகிற மாதிரி, இவருடைய இடம் திறந்துகொள்ளும். அதைப் பார்த்து மூன்றாவது ஆள் நகர்வார். நாலாவது வாரத்தில் ஏழு பேரும் அடுத்தவர் வேலையைச் செய்துகொண்டிருப்பார்கள். கோல்ட்ஸில் ஃப்ரீனியின் பாணியும் இதற்குத் தோதாக அமைந்துவிட்டது. சுழன்று திரும்பி எதிராளியைத் தாண்டிப் போவது அவருடைய புகழ்பெற்ற வித்தை. குவார்ட்டர்பேக்கைப் பிடிக்கப் போகும்போது அற்புதம். அதே நேரத்தில் பந்து ஓடுகிறவர் கையில் இருந்தால், ஃப்ரீனி மூன்று யார்டு உள்ளே போயிருப்பார், அவருக்குப் பின்னால் கதவு திறந்து கிடக்கும்.

375 யார்டுக்குப் பிறகு டங்கி என்ன செய்தார்? நானாக இருந்தால் திட்டத்தைக் கிழித்துப் போட்டுப் புதிதாக எழுதியிருப்பேன். அவர் அடிப்படையில் எதையும் மாற்றவில்லை. டங்கி சத்தம் போடாத மனிதர். திட்டம் சரிதான், அவரவர் வேலையை அவரவர் செய்தால் போதும், கூடுதலாக எதையும் செய்ய வேண்டாம் என்பதையே மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டிருந்தார். டிசம்பரில் செய்த ஒரு மாற்றம், ராப் மோரிஸ் என்ற அனுபவசாலியை ஒரு பக்கத்து லைன்பேக்கர் இடத்தில் நிறுத்தியது. பெரிய வேகம் கிடையாது, ஆனால் நிறுத்திய இடத்தில் நிற்பார்.

பலன் உடனே வந்துவிடவும் இல்லை. டிசம்பர் 24 அன்று ஹூஸ்டன் டெக்சன்ஸ் அணியின் ரான் டேய்ன் 153 யார்டு ஓடினார். கோல்ட்ஸ் 27-24 என்று தோற்றது. அடுத்த பதினைந்து நாளுக்குள் நாக்-அவுட் சுற்று. அங்கே முதலில் வரப்போவது கான்சஸ் சிட்டி சீஃப்ஸ். அந்த அணியின் லாரி ஜான்சன் அந்தப் பருவத்தில் 416 முறை ஓடியிருந்தார், அது லீக் சாதனை. 1,789 யார்டு. கடைசி இடத்துத் தடுப்பு, சாதனை ஓட்டக்காரர். முடிவு என்ன ஆகும் என்று சொல்ல ஜோசியம் தேவைப்படவில்லை.

2007 ஜனவரி 6. இண்டியானாபொலிஸ். ஜான்சன் 13 முறை ஓடினார். எடுத்தது 32 யார்டு. அணி முழுவதற்கும் 44. முதல் பாதி முழுக்க சீஃப்ஸ் ஒரு முறைகூட அந்த 10 யார்டைத் தாண்டவில்லை. 23-8 என்று கோல்ட்ஸ் ஜெயித்தது. அடுத்த வாரம் பால்டிமோர் ரேவன்ஸ் 83 யார்டு. அதற்கடுத்து நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் 93. 173 யார்டு சராசரி எங்கே, இது எங்கே.

எட்டாவது ஆள் பின்னாலிருந்து வர வேண்டும் என்றேன் இல்லையா? அவர் வந்துவிட்டார். பெயர் பாப் சாண்டர்ஸ். சேஃப்டி, அதாவது எல்லோருக்கும் பின்னால் நிற்கும் காவலாளி. 5 அடி 8 அங்குலம்தான் உயரம். அந்த ஆட்டத்துக்கு அது குள்ளம். முழங்கால் பிரச்சினையால் 16 ஆட்டங்களில் 4 மட்டுமே ஆடியிருந்தவர் ஜனவரியில் திரும்பினார். பின்னால் நிற்க வேண்டியவர் முன்னால் இறங்கி வந்து, பீரங்கிக் குண்டு மாதிரி மோதினார்.

அன்றைய எழுத்தாளர்கள் பலர் இதை ஒற்றை நாயகன் கதையாக எழுதினார்கள். நாயகன் வந்தான், வில்லன் வீழ்ந்தான் என்று. எனக்கு அது முழுக்க ஒப்பாது. சாண்டர்ஸ் எவ்வளவு வேகமாக ஓடினாலும் ஒரே நேரத்தில் எட்டுச் சந்தில் நிற்க முடியாது. அவர் வந்ததால் நடந்தது வேறு. எட்டாவது சந்துக்கு ஆள் இருக்கிறது, தப்பித் தவறி ஓடி வந்தாலும் பின்னால் இவர் பிடித்துவிடுவார் என்று மற்றவர்களுக்கு மனசில் பட்டுவிட்டது. ஏழு பேரும் பக்கத்து வீட்டை எட்டிப் பார்ப்பதை நிறுத்தினார்கள். டிசம்பர் முழுக்க டங்கி வாயால் சொன்னதை, சாண்டர்ஸ் நின்று நம்ப வைத்தார்.

சூப்பர் பவுலில் சிகாகோ பேர்ஸ், மற்றவர்கள் இழந்த ஒரு யார்டைக் கழித்து, 111 யார்டு ஓடியது. தாமஸ் ஜோன்ஸ் ஒரே ஓட்டத்தில் 52 யார்டு போய்விட்டார். மீதி 14 ஓட்டத்தில் அவர் எடுத்தது 60தான். ஒரே ஒரு நழுவல் எவ்வளவு விலை கேட்கும் என்று அங்கேயும் தெரிந்தது. ஆனாலும் அந்த ஒன்றைப் பார்த்து மற்றவர்கள் பதறவில்லை. சாண்டர்ஸ் ஒரு பந்தைத் தட்டிப் பறிக்க, அதை எடுத்தவர் ஃப்ரீனி. இன்னொரு பந்தைச் சாண்டர்ஸே வானத்திலேயே பிடித்தார். 29-17.

நான் சொன்னதற்கு எதிராகப் பேசக்கூடிய ஒரு தகவலையும் சொல்லாமல் போனால் நேர்மையாக இருக்காது. அப்படி மோதுகிற உடம்பு எத்தனை நாள் தாங்கும்? 2007இல் சாண்டர்ஸ் லீக்கின் சிறந்த தடுப்பு ஆட்டக்காரர் விருது வாங்கினார். அப்புறம் காயத்துக்கு மேல் காயம். கோல்ட்ஸில் இருந்த 7 பருவங்களில், நாக்-அவுட் சுற்றுகளைச் சேர்க்காமல், மொத்தம் 48 ஆட்டம்தான் ஆட முடிந்தது.

2010 செப்டம்பர் 12, ஹூஸ்டன். பருவத்தின் முதல் ஆட்டம். டங்கி ஏற்கெனவே ஓய்வு பெற்றுவிட்டார். சாண்டர்ஸ் மறுபடி களம் இறங்கி, ஆட்டத்தின் தொடக்கத்திலேயே கைத்தசை கிழிந்து வெளியேறினார். அன்று ஆட்டம் முடிந்தபோது ஹூஸ்டனின் ஏரியன் ஃபோஸ்டர் 33 முறை ஓடி 231 யார்டு எடுத்திருந்தார்.

நன்றி, வணக்கம்.