உட்கார்ந்து தின்கிற கோழியா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சபையோரே, வணக்கம். கொடுத்த நேரம் குறைவு. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

'கொல்லையில் வளர்க்க ஏற்றது முட்டைக்கோழியா, அடைக்கோழியா?' என்பது தலைப்பு. எதிரணித் தலைவர் லெகார்ன் என்ற முட்டைக்கோழி இனத்தைப் புகழ்ந்தார். ஆண்டுக்கு 250 முட்டைக்கு மேல் இடும் என்றார். உண்மைதான். அதோடு நின்றிருந்தால் நானே கைதட்டியிருப்பேன். போகிற போக்கில், "அடைக்கோழி உட்கார்ந்து தின்கிற கோழி" என்றாரே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஐயா, அது உட்கார்ந்திருந்ததைப் பார்த்தீர்கள், சரி. தின்றதை எங்கே பார்த்தீர்கள்? அடைக்கோழி பெரும்பாலும் நாளுக்கு ஒரு முறைதான் இறங்கும். அவசர அவசரமாக நாலு வாய் கொத்தும், தண்ணீர் குடிக்கும், மண்ணில் ஒரு புரளல் புரளும், ஓடிப்போய் மறுபடி முட்டைமேல் அமரும். கால் மணி, மிஞ்சினால் அரை மணி. மற்ற நேரமெல்லாம் பட்டினி. கொண்டை வெளிறிச் சுருங்கும். தூக்கினால் நெஞ்செலும்பு கையில் இடிக்கும். வயிற்றுப்புறத்து இறகுகள் போய் வெறும் தோல் தெரியும். அந்தத் தோலின் சூடுதான் முட்டைக்குள் நேராக இறங்குகிறது. இதுவா உட்கார்ந்து தின்பது? நரம்பில்லாத நாக்கு என்பதற்காக எதையும் பேசிவிடலாமா?

எங்கள் வீட்டில் ஒரு சில்கிக் கோழி இருந்தது. பஞ்சை ஒட்டவைத்தது போன்ற இறகு, கறுத்த தோல், ஒரு கையில் அடங்கும் உடம்பு. அது அடைக்கு வந்தபோது வீட்டில் சேவல் இல்லை, கருக்கூடிய முட்டையும் இல்லை. பாட்டி எங்கிருந்தோ நாலு வாத்து முட்டை வாங்கிவந்து அடைவைத்தார். கோழி முட்டை பொரிய 21 நாள். வாத்து முட்டைக்கு 28 நாள். எனக்கு அப்போது எட்டு வயது. சுவரில் கரிக்கோடு போட்டு எண்ணினேன்.

21 கோடு ஆயிற்று. குஞ்சு வரவில்லை. "பாட்டி, கெடு முடிந்துவிட்டதே, எழுந்து போய்விடாதா?" என்றேன். "அது எழுந்திருக்காது. நீ போய்ப் படு" என்றார்.

22. பார்த்தேன், உட்கார்ந்திருந்தது. 23. உட்கார்ந்திருந்தது. 24ஆம் நாள் பள்ளியிலிருந்து ஓடிவந்து பையைக்கூட இறக்காமல் பார்த்தேன். உட்கார்ந்திருந்தது! 25ஆம் நாள் உள்ளங்கையில் கம்புத் தானியம் வைத்துக் கொடுத்தேன், இரண்டே தானியம் கொத்தியது, கழுத்தைச் சிலிர்த்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டது. எதிரணித் தலைவரே, தனக்கு விதித்த நாளுக்கு மேல் ஏழு நாள், அடுத்தவள் முட்டைக்காகப் பட்டினி கிடந்ததய்யா அந்தக் கோழி!

28ஆம் நாள் மூன்று குஞ்சுகள். ஒன்று கூமுட்டை. ஒரு வாரத்தில் மூன்றும் கொல்லைத் தண்ணீர்க் குட்டையில் குதித்தன. கரையில் நின்று கதறியது சில்கி. அதன் இறகுக்குத் தண்ணீரைத் தள்ளிவிடத் தெரியாது, பஞ்சாகவே உறிஞ்சிக்கொள்ளும். தெரிந்தா இறங்கியது? மார்பளவுத் தண்ணீரில் நனைந்து கனத்து நின்றுகொண்டு கூப்பிட்டது. பாட்டிதான் தூக்கிவந்து முந்தானையால் துவட்டினார்.

இனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுருக்கமாகச் சொல்கிறேன். லெகார்ன், மினோர்கா, அங்கோனா போன்ற முட்டைக்கோழி இனங்களெல்லாம் அடைக்கு உட்காருவது அரிது. மனிதன் முட்டைக்காக, உட்காராத கோழிகளையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துப் பெருக்கினான். சில்கியிடமும் கொச்சினிடமும் அசிலிடமும் அந்தக் குணம் மிஞ்சியிருக்கிறது. மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏறினால் முட்டையிடுவது நிற்கும், அடைவேட்கை வரும். அடைகாத்துக் குஞ்சு வளர்த்து முடிய இரண்டு மாதம்போல முட்டை இராது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த லெகார்ன் பிறந்ததும் ஏதோ ஓர் அடைக்கோழியின் வயிற்றுச் சூட்டிலோ, அதைப் பார்த்துச் செய்த இயந்திரத்திலோதானே?

இன்குபேட்டர் இருக்கிறதே என்பார்கள். என்னிடமும் இருக்கிறது. 37.5 டிகிரியில் பிசகாமல் நிற்கும், முட்டையைத் தானே திருப்பும்.

27ஆம் நாள் இரவு நடந்ததை இதுவரை சொல்லவில்லை. பாட்டி என்னைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கூட்டுக்கு அழைத்துப்போனார். காதை வைத்துக் கேள் என்றார். ஓட்டுக்குள்ளிருந்து மெல்லிய கீச்சொலி. கோழி தொண்டைக்குள்ளேயே 'கிளக்' என்றது. மறுபடி கீச்சொலி. மறுபடி 'கிளக்'. வாத்துக் குஞ்சுதான் என்று அதற்கென்ன தெரியும்? கூப்பிட்ட குரலுக்கெல்லாம் பதில் சொன்னது. இருட்டில் பாட்டியும் நானும் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தோம்.

பாட்டி இப்போது இல்லை. சென்ற மாதம் என் இன்குபேட்டரில் 20ஆம் நாள் இரவு காதை வைத்தேன். உள்ளே குஞ்சு கூப்பிட்டது. விசிறி ஓடிக்கொண்டிருந்தது. குஞ்சு மறுபடியும் கூப்பிட்டது. எனக்குத் தெரிந்த மட்டும் தொண்டைக்குள் 'கிளக்' என்று சொல்லிப் பார்த்தேன்.

நன்றி, வணக்கம்.