ஒதுங்கியவர் கண்ட ஐந்து கனவுகள்

நடுவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் நண்பர்களே, கம்பன் கலையரங்கத்தின் கடைசி வரிசை வரை நிறைந்திருக்கும் புதுச்சேரிப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

அரசியலை விட்டு ஒதுங்கிய அரவிந்தர், நாடு விடுதலை பெற்ற வேளையில் எடுத்துரைத்த ஐந்து கனவுகள் அரசியல் பார்வையா, ஆசிரமத்து ஏக்கமா என்பது இன்றைய வழக்கு. அவை அரசியல் பார்வையே என்று வாதிட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், 1910இல் களத்தை விட்டு ஓடி வந்தவருக்கு நாட்டைப் பற்றிப் பேச என்ன உரிமை என்று கேட்டார். முப்பத்தேழு ஆண்டுகள் ஓர் ஊரை விட்டு நகராமல், கடைசியில் ஓர் அறைக்குள்ளேயே அடைந்துவிட்டவருக்கு நாடு எப்படித் தெரியும் என்றார். கண்ட கனவுகளில் எது பலித்தது என்று கணக்கும் கேட்டார். போகிறபோக்கில் 1936ஆம் ஆண்டைத் தொட்டு ஒரு கேள்வியையும் வீசிவிட்டு அமர்ந்தார். அரங்கம் கைதட்டியது அந்தக் கேள்விக்குத்தான். அதற்குக் கட்டாயம் வருகிறேன்.

ஓடி வந்தவர் யார் என்பதை முதலில் பார்ப்போம். 1893இலேயே, இருபத்தொரு வயதில், காங்கிரசின் மனுப்போடும் அரசியலைக் கண்டித்துப் பம்பாய் இதழொன்றில் தொடர் எழுதியவர், 1906 முதல் 'வந்தே மாதரம்' இதழில் முழு விடுதலையே குறிக்கோள் என்று வெளிப்படையாக எழுதியவர், நம் வ.உ.சி.யும் பாரதியும் போயிருந்த 1907 சூரத் காங்கிரசில் கட்சி இரண்டாகப் பிளந்தபோது திலகருடன் தீவிரப் போக்கினர் பக்கம் நின்று, அவர்களது கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர். அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் ஓராண்டு சிறையில் கிடந்து, 1909 மே மாதம் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டவர். இத்தனைக்கும் பிறகு 1910 ஏப்ரல் 4 அன்று இந்தத் துறைமுகத்தில் வந்து இறங்கினார். பாரதியும் பிரிட்டிஷ் பிடிக்குத் தப்பி இதே ஊருக்கு வந்தவர்தான். பாரதியை ஓடி வந்தவர் என்று இந்த அரங்கில் சொல்ல எதிரணிக்கு நா எழுமா?

இன்னொன்றையும் நினைவுபடுத்த வேண்டும். 1920இல் நாகபுரிக் காங்கிரசுக்குத் தலைமை ஏற்க வாருங்கள் என்று அழைப்பு வந்தது, அவர் மறுத்துவிட்டார். நாட்டின் மிகப் பெரிய அரசியல் மேடை வாசலுக்கு வந்து நின்றபோது வேண்டாம் என்றவர், அதன்பின் நாட்டைப் பற்றிச் சொன்ன எதிலும் தமக்கென்று எதையும் எதிர்பார்த்திருக்க முடியாது. அவருடைய பேச்சின் நேர்மைக்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

இனி உரைக்கு வருகிறேன். திருச்சி வானொலி நிலையம் கேட்டுக்கொண்டதற்கு இணங்க அவர் எழுதிக் கொடுத்த செய்தி 1947 ஆகஸ்ட் 14 அன்று ஒலிபரப்பானது. மறுநாள் இந்தியாவின் விடுதலை நாள். அவருக்கோ எழுபத்தைந்து வயது நிறையும் நாள். வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அந்தச் செய்தியில், இந்தியா விடுதலை பெற்றுவிட்டது, ஒற்றுமையைப் பெறவில்லை என்று எழுதினார். தோரணம் கட்டும் வேளையில் இதைச் சொல்வதற்கு ஒரு துணிவு வேண்டும். அதைச் சொன்ன ஊரும் சாதாரண ஊர் இல்லை. அன்று புதுச்சேரி இந்தியாவிலேயே இல்லை. இங்கே பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்தது. கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி, அவர்களில் 170 பேர் இணைப்புக்கு வாக்களிக்க 1954 அக்டோபர் 18 வரை நாம் காத்திருக்க வேண்டியிருந்தது.

முதல் கனவு ஒன்றுபட்ட இந்தியா. இதைத்தான் எதிரணியினர் பலிக்காத கனவு என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். நடுவர் அவர்களே, அந்தப் பகுதியை முழுதாகப் படித்தவர்கள் அங்கே ஓர் அரசியல்வாதியின் கணக்கைக் காண்பார்கள். இந்து, முஸ்லிம் என்ற பழைய பிரிவு நாட்டின் நிலையான அரசியல் பிரிவாக இறுகிவிட்டதாகத் தெரிகிறது என்கிறார். இந்தத் தீர்வை என்றென்றைக்குமான தீர்வாக யாரும் ஏற்றுக்கொள்ளக் கூடாது என்கிறார். இது நீடித்தால் நாடு பலவீனப்படும், முடமாகவும் கூடும், உள்நாட்டுக் கலகம் எப்போதும் நிகழக்கூடியதாக இருக்கும், அந்நியப் படையெடுப்புக்கும் இடமுண்டு என்று அடுக்குகிறார். அதன்பின் துணைக்கண்டம் கண்ட போர்களையும் அகதிகளின் வரிசைகளையும் நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

'எந்த வழியிலேனும் பிரிவினை நீங்கியே ஆக வேண்டும்' என்ற பொருளில் அவர் எழுதிய வரியை மட்டும் பிய்த்தெடுத்து முழக்கமாக்குவோர் இன்று உண்டு. அந்த வரிக்கு முன்னே அவர் வழியையும் சொல்லியிருக்கிறார்: அமைதி தேவை என்பதோடு சேர்ந்து செயல்படுவதும் தேவை என்று இரு தரப்பும் படிப்படியாக உணர்வது, பொதுவான செயல்களில் பழகுவது, அதற்கான அமைப்புகளை உருவாக்குவது. ஒற்றுமை கடைசியில் என்ன வடிவம் எடுக்கும் என்பது நடைமுறைக் கேள்வியே தவிர அடிப்படைக் கேள்வி ஆகாது என்றும் சேர்த்துக்கொண்டார். வரைபடத்தின் மேல் பேனாவை ஓட்டுகிறவர் இப்படி எழுத மாட்டார். 1985 டிசம்பரில் டாக்காவில் சார்க் அமைப்பு தொடங்கியபோது தெற்காசிய நாடுகள் கையில் எடுத்தது ஏறக்குறைய இதே வழியைத்தான். 2014இல் காட்மாண்டுவில் நடந்த மாநாட்டுக்குப் பிறகு அந்த அமைப்பின் தலைவர்கள் ஒரு முறைகூட உச்சி மாநாட்டில் கூடவில்லை. அந்தப் பழியை 1947இல் பேசியவர் தலையில் கட்டுவது எந்த ஊர் நியாயம்?

அதே பகுதியில் பலர் கவனிக்காத வாக்கியம் ஒன்று இருக்கிறது. அரசியல் நிர்ணய சபை துணிந்து எடுத்த கடுமையான, ஆனால் அறிவார்ந்த கொள்கையினால், ஒடுக்கப்பட்ட மக்களின் சிக்கல் நாட்டைப் பிளக்காமலே தீரக்கூடும் என்று எழுதியிருக்கிறார். அறைக்குள் அடைந்து கிடந்தவருக்கு நாடு தெரியாது என்றார்களே, டெல்லியில் நடந்துகொண்டிருந்த விவாதம் வரை அந்த அறைக்கு எட்டியிருக்கிறது. எந்த விவாதம் நாட்டின் உயிர்நிலை என்று பார்த்து அதில் கை வைத்திருக்கிறார். நடைமுறையில் அந்தச் சிக்கல் அவர் நம்பிய அளவுக்குத் தீரவில்லை என்பதை நான் மறைக்கவில்லை.

உரைக்கு ஐந்தாண்டு முன்பே, 1942 மார்ச் இறுதியில், போருக்குப் பின் இந்தியாவுக்குத் தன்னாட்சி தருவதாகப் பிரிட்டிஷ் அமைச்சர் கிரிப்ஸ் கொண்டுவந்த திட்டத்தை வரவேற்று, அது ஏற்கப்பட வேண்டும் என்று இங்கிருந்து கிரிப்ஸுக்கே தந்தி அடித்தார். போதாதென்று, சென்னை வழக்கறிஞர் துரைசாமி ஐயரைத் தம் தூதராக டெல்லிக்கு அனுப்பிக் காங்கிரஸ் தலைவர்களிடம் பேச வைத்தார். அவர்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பிரிவினை நின்றிருக்குமா என்பது வரலாற்றாசிரியர்கள் அடித்துக்கொள்ளும் விஷயம், அதில் நான் தலையிடப் போவதில்லை. ஏக்கத்தில் மூழ்கியவர் வேண்டாத இடத்துக்குத் தூதர் அனுப்பி அவமானப்பட வேண்டிய தேவை என்ன என்று மட்டும் கேட்கிறேன்.

இரண்டாம் கனவு ஆசியாவின் எழுச்சி. ஆசியா எழுந்துவிட்டது, பெரும்பகுதி விடுதலை பெற்றுவிட்டது, மிச்சம் இருப்பது கொஞ்சமே என்று நம்பிக்கையோடு எழுதினார். அடுத்த ஆண்டு ஜனவரி 4 அன்று பர்மாவும், ஒரு மாதம் கழித்துப் பிப்ரவரி 4 அன்று இலங்கையும் விடுதலை பெற்றன. ஆனால் இந்த நம்பிக்கையில் அவர் மயங்கிக் கிடக்கவில்லை என்பதுதான் என் கட்சிக்கு வலு. 1950இல் தம் பழைய நூலொன்றுக்குப் பின்னுரை எழுதியபோது, கம்யூனிஸ்ட் சீனாவின் தோற்றம் ஆசிய ஒற்றுமைக்குக் குறுக்கே நிற்கிறது, திபெத்தை விழுங்கி இந்தியாவின் எல்லை முழுவதும் வந்து நிற்கக்கூடும் என்று எச்சரித்தார். டெல்லியில் சீன நட்பு முழக்கம் உச்சத்துக்குப் போவதற்கு முன்பே எழுதப்பட்ட வரி அது. அவர் அந்த ஆண்டு டிசம்பர் 5 அன்று மறைந்தார். 1962 சீனப் போரில் நாடு அந்த வரிக்கு உரை எழுதிப் பார்த்தது.

மூன்றாம் கனவு உலக ஒன்றியம். இங்கேதான் எதிரணி நண்பர் வாய்விட்டுச் சிரித்தார். இரட்டைக் குடியுரிமை, பல நாட்டுக் குடியுரிமை, மனமொப்பிய பண்பாட்டுக் கலப்பு ஆகியவை வர வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறார். நண்பரே, நீங்களும் நானும் சிரிக்கக் கூடாத ஊர் இது. 1962 ஆகஸ்ட் 16 அன்று இணைப்பு சட்டப்படி முழுமையானபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட தமிழ்க் குடும்பங்கள் நம் தெருக்களில் வாழ்கின்றன. எனக்கு அடுத்த தெருவில் ஒரு சொல்தா வீடு, அதாவது பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவரின் வீடு, இருக்கிறது. அந்த வீட்டுப் பாட்டி பிரான்சின் அதிபர் தேர்தலில் வாக்களிக்கப் புறப்படும் நாளில் பட்டுப்புடவை உடுத்திக்கொள்வார், மார்கழி முழுவதும் வாசலில் பூசணிப்பூ வைத்துக் கோலம் போடுவார். அந்த அம்மாளிடம் போய் இரண்டு நாட்டுப் பற்று ஒரு நெஞ்சில் தங்காது என்று சொல்லிப் பாருங்கள்!

நான்காவது, இந்தியாவின் ஆன்மிகக் கொடை உலகை அடைவது. அது முன்பே தொடங்கிவிட்டது என்றார். யோகா நாளுக்கான தீர்மானத்தை 2014இல் ஐக்கிய நாடுகள் அவையில் 177 நாடுகள் முன்மொழிந்தன. கடற்கரைச் சாலையில் காலையில் பாய் விரிப்பவர்களைப் பார்க்கும்போது அவர் சொன்ன கொடை இதுதானா என்று எனக்கும் ஐயம் எழுவதுண்டு. ஆகவே இதை என் கணக்கில் வரவு வைக்காமல் விட்டுவிடுகிறேன்.

இப்போது அந்த 1936. அவ்வாண்டு ஜூலை 30 அன்று, சவானா மில்லில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு அரசின் படை சுட்டதில் பன்னிரண்டு பேர் மாண்டார்கள். அன்று அந்த அறையின் கதவு திறந்ததா என்று கேட்டீர்கள். அவர் வீதிக்கு வரவில்லை. தொழிலாளர் தலைவர் வ. சுப்பையா நின்ற இடத்தில் அவர் நிற்கவில்லை. இதற்குச் சமாதானம் சொல்லி அந்தப் பன்னிரண்டு பேரின் நினைவுக்குக் குறை வைக்க நான் துணிய மாட்டேன். அவர் வாழ்வின் மீது நீங்கள் எழுதும் குற்றப்பத்திரிகையில் இது நிற்கட்டும். ஆனால் இன்றைய வழக்கு அவரது பார்வையைப் பற்றியது. பக்கத்துத் தெருவுக்கு வராதவர் எல்லைக்கு அப்பால் பார்த்திருக்க முடியாது என்று நீங்கள் வாதிட்டால், திபெத்தைப் பற்றிய அந்த வரிக்கு நீங்கள்தான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

என் அணியினருக்கும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பூப்போட்டு வணங்கும் படமாக அவரை மாட்டிவைத்ததில் நமக்கும் பங்கு உண்டு. சமாதியில் மலர் வைத்துத் திரும்புகிறவர்களில் எத்தனை பேர் அந்த வானொலிச் செய்தியைப் படித்திருப்பார்கள்? படிக்காமல் வணங்கியதால்தான் எதிரணியினர் அதை ஏக்கம் என்று எளிதாகத் தள்ள முடிகிறது.

நடுவர் அவர்கள் மணியின் மீது கை வைத்துவிட்டார்கள். ஐந்தாம் கனவை இவர் தொடவில்லை என்று எதிரணியினர் குறித்துக்கொள்வதைப் பார்க்கிறேன். மனித இனம் இன்னும் உயர்ந்த அறிவுநிலைக்கு ஏற வேண்டும் என்பது அது. அதைத் தம் சொந்த நம்பிக்கை என்றே அவர் கடைசியில் தனியாக வைத்தார், ஆகவே அதற்காக நான் வழக்காடவில்லை. செய்தியை முடிக்கும்போது, இந்த நம்பிக்கை மெய்ப்படுமா, எந்த அளவுக்கு மெய்ப்படும் என்பது புதிய, சுதந்திர இந்தியாவைப் பொறுத்தது என்று எழுதி நிறுத்தினார். பல பத்தாண்டுகள் யோகம் பயின்றவர், முடிவைத் தெய்வத்தின் கையில் கொடுக்காமல் குடிமக்கள் கையில் கொடுத்திருக்கிறார். அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பதை நடுவர் அவர்களே தீர்மானிக்கட்டும். வணக்கம்.