சாமியா கமால் ஆடினது பிரமிடு காலத்து நடனமா? சந்தேகங்களுக்கு விளக்கம்

ஒரு கேள்வி வந்திருக்கு. "பெல்லி டான்ஸ் பிரமிடு காலத்துலேர்ந்து வர்ற நடனம்னு சொல்றாங்க. எகிப்து சினிமா நடனக்காரி சாமியா கமால் ஆடினது அதுதானா? அவங்க மாதிரி கையில துணி வச்சு ஆட என்ன பழகணும்?"

இல்லைங்க, அது அவ்வளவு பழசு இல்ல. இடுப்பை அசைச்சு ஆடுற நாட்டுப்புற ஆட்டம் எகிப்துல ரொம்ப நாளா இருக்கு. கவாஸின்னு சொல்ற நாட்டுப்புற நடனக்காரப் பொண்ணுங்க தெருவுல ஆடிட்டிருந்தாங்க. 1834-ல எகிப்தை ஆண்ட முகமது அலி பாஷா அவங்கள கெய்ரோவை விட்டே தெற்குப் பக்கம் எஸ்னா, கெனா ஊர்களுக்கு அனுப்பிட்டார். ஆனா அது பெரும்பாலும் நின்ன இடத்துலயே, பாதம் முழுசா தரையில ஊன்றி ஆடுறது. சாமியா ஆடினது மேடைக்குன்னு கெய்ரோவுல உருவானது.

அதை உருவாக்குனதுல பெரிய பங்கு நடனக்காரி பதியா மசாப்னிக்கு. 1926-ல அவங்க கெய்ரோவுல கேளிக்கை அரங்கு திறந்தாங்க. ஊத், கானூன்ங்கிற அரபு தந்தி வாத்தியங்கள், நேய்ங்கிற நாணல் குழல் இதுகளோட வயலின், செல்லோ, அக்கார்டியன் சேர்ந்துச்சு. மேடை பெருசானதும் ஒரே இடத்துல நின்னு ஆடினா பின்வரிசைக்குத் தெரியாது. அதனால கை மேல போச்சு, ஆட்டம் மேடை முழுக்க நகர ஆரம்பிச்சது. எனக்கு இந்தக் காரணம்தான் முக்கியமாப் படுது.

சாமியா 1924-ல பெனி சுயெஃப் பக்கம் வானாங்கிற ஊர்ல பிறந்தவங்க. சொந்தப் பேர் ஜைனப். பதியா குழுவுல சேர்ந்த பிறகுதான் இந்த மேடைப் பேர். அங்க இன்னொரு பிரபல நடனக்காரி தாஹியா கரியோகாவும் இருந்தாங்க. ரெண்டு பேரோட ஆட்டத்தையும் அடுத்தடுத்துப் பாருங்க. தாஹியா கொஞ்ச இடத்துக்குள்ளயே, அடக்கமா, கனமா ஆடுவாங்க. சாமியா பாலே, லத்தீன் நடனம் ரெண்டையும் கலந்து, ஹீல்ஸ் போட்டு, துணியை விரிச்சுக்கிட்டு ஓடி வருவாங்க.

சரி, பயிற்சிக்கு வருவோம். துணி ரெண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல் அகலம் போதும். பட்டு இல்லன்னா ஷிஃபான். ஜரிகை பார்டர் வேண்டாம், ஓரம் கனத்து கீழ இழுக்கும். விறைப்பான நைலான் மிதக்காது. கட்டை விரல் ஒரு பக்கம், ஆள்காட்டி விரலும் நடு விரலும் மறுபக்கம், அவ்வளவுதான் பிடி. முஷ்டியா பிடிச்சா மணிக்கட்டு இறுகி துணி செத்துப் போயிடும். கையைத் தூக்கும்போது முதல்ல முழங்கை, பிறகு மணிக்கட்டு, கடைசியா விரல். பலம் தோள்பட்டை எலும்புக்குக் கீழ, முதுகுலேர்ந்து வரணும். தோள் காதுகிட்ட ஏறினா அஞ்சு நிமிஷத்துல கழுத்து வலிக்கும். இன்னொண்ணு, முதல்ல நடை, அப்புறம்தான் துணி. நின்னுக்கிட்டே வீசினா முகத்துல சுத்திக்கும்.

இடுப்புல எட்டு போடுறதை நின்னபடி நாலு தாளம் சரியா வந்த பிறகு நடையோட சேருங்க. ஷிம்மிக்கு, அதாவது இடுப்பை வேகமா அதிர வைக்கிறதுக்கு, ரெண்டு முட்டியும் லேசா மடங்கி, மாத்தி மாத்தி அசையணும். முட்டியைப் பூட்டிட்டு இடுப்பை மட்டும் உலுக்கினா அடிமுதுகு பிடிச்சுக்கும். ஹீல்ஸ் போடணும்னா மூணு சென்டிமீட்டர்ல ஆரம்பிங்க. ஹீல்ஸ் எடையை முன்னாடி தள்ளும், அடிமுதுகு வளையும். அடிவயித்தை உள்ள இழுத்து வச்சாத்தான் முதுகு தப்பிக்கும்.

சாமியா படங்கள்ல, பாடகர்-நடிகர் ஃபரீத் அல் அத்ராஷோட நடிச்ச 1949 படம் 'அஃப்ரீதா ஹானெம்' பாருங்க. அதுல பூதமா வருவாங்க. அதே வருஷம்தான் மன்னர் ஃபாரூக் 'எகிப்தின் தேசிய நடனக்காரி'ன்னு பட்டம் கொடுத்தார். மூணு வருஷத்துல மன்னர் பதவியே போச்சு. 1952 ஜனவரி கெய்ரோ கலவரத்துல பதியா ஆரம்பிச்ச கேஸினோ ஓபராங்கிற கேளிக்கை அரங்கும் எரிஞ்சது. அப்ப பதியா அதை வித்துட்டு லெபனான் போயிருந்தாங்க. சாமியா தொடர்ந்து ஆடினாங்க. 1954-ல நகைச்சுவை நடிகர் ஃபெர்னாந்தெலோட பிரெஞ்சு 'அலிபாபா' படத்துல நடிச்சாங்க. 1970-கள்ல விலகி, பிறகு மறுபடி மேடைக்கு வந்தாங்க. 1994 டிசம்பர் 1-ல கெய்ரோவுல காலமானாங்க.

கடைசியா ஒண்ணு. எகிப்து மேடையில துணி நுழையும்போது மட்டும்தான். ஒண்ணு, ரெண்டு நிமிஷத்துல தூக்கிப் போட்டுட்டு இடுப்பு வேலைக்கு வந்துடுவாங்க. பாட்டு முழுக்க துணியோட ஆடுறது பின்னாடி அமெரிக்காவுல வளர்ந்த பாணி. அதனால துணிக்கு ரெண்டு நிமிஷம் ஒதுக்கிட்டு, மீதி நேரத்தை இடுப்புக்கும் நடைக்கும் கொடுங்க.