துடைக்காமல் கொண்டுவாருங்கள்: டெல்டாவில் பேனாக்கத்தி சேகரிப்பு

[காட்சி: மேசையில் வெள்ளைத் துணி. அதன்மேல் கறுத்துப்போன ஒரு மடக்குக் கத்தி.]

வணக்கம். இந்தக் கத்தியைப் பார்த்ததும் பலருக்குக் கை பரபரக்கும். கொஞ்சம் மண்ணெண்ணெய், ஒரு துண்டு உப்புத்தாள், அரை மணி நேரம் தேய்த்தால் பளபளவென்று ஆகிவிடும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பழைய பேனாக்கத்தி ஒன்று கையில் கிடைத்தால், அதைத் துடைப்பதற்கு முன்னால், விஷயம் தெரிந்த நாலு பேரிடம் அப்படியே காட்டுங்கள். இந்த வீடியோ முழுக்க அதைப் பற்றித்தான்.

இது கும்பகோணத்தில் ஒரு பழைய பாத்திரக் கடையில் கிடைத்தது. பித்தளைத் தவலைகளுக்கு அடியில் ஒரு வெற்றிலைச் செல்லம் இருந்தது, அதற்குள் இது. "அண்ணே, கத்தி மட்டும் தருவீங்களா?" என்று கேட்டேன். "கத்தியை எடுத்துக்க தம்பி, செல்லம்தான் எடைக்கு" என்றார். வாங்கி ஒரு காகிதத்தில் சுற்றி, ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் கூடும்போது அப்படியே மேசையில் வைத்தேன்.

[காட்சி: அலகு மிக நெருக்கத்தில்.]

முதலில் அலகைப் பாருங்கள். இந்தக் கறுப்பு துரு இல்லை. துரு என்றால் செம்பழுப்பாக இருக்கும், விரலில் பொடியாக ஒட்டும். இது நீலமும் கறுப்புமாகப் படிந்திருக்கிறது, தேய்த்தாலும் விரலில் வராது. பாக்கில் இருக்கும் துவர்ப்புச் சத்து, அதாவது டானின், இரும்போடு சேர்ந்தால் இப்படிக் கறுக்கும். இந்தக் கத்தி வருஷக்கணக்கில் பாக்குச் சீவியிருக்கிறது. அடுத்து, அலகு பிடிக்குள் நுழைகிற இடுக்கில் வெள்ளையாக ஏதோ இறுகியிருக்கிறது, தெரிகிறதா? சுண்ணாம்பு. கத்தி செல்லத்துக்குள் தற்செயலாக வந்து விழவில்லை, அதிலேயே குடியிருந்திருக்கிறது என்பதற்கு இது சாட்சி. உப்புத்தாள் பட்டிருந்தால் இரண்டுமே போயிருக்கும்.

சரி, இது எங்கே செய்தது? அதற்கு அலகின் அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும். பிடிக்கு வெளியே கூர் இல்லாமல் ஒரு சின்னச் சதுரம் இருக்கும். செய்தவர் முத்திரை குத்துவது அங்கேதான். இதில் ஒரு நட்சத்திரமும், பக்கத்தில் மால்ட்டா சிலுவையும் மங்கலாகத் தெரிகின்றன. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் இருந்த ஜோசப் ராட்ஜர்ஸ் அண்ட் சன்ஸ் நிறுவனத்தின் அடையாளம் அது. அரச குடும்பத்துக்குக் கத்தி செய்து கொடுத்தவர்கள் என்பதால், கிரீடத்தின் இரண்டு பக்கமும் ஆட்சியில் இருப்பவரின் எழுத்துகளைப் பொறிப்பார்கள். வி.ஆர். என்றால் விக்டோரியா காலம், 1901 வரை. ஈ.ஆர். என்றால் ஏழாம் எட்வர்ட், 1910 வரை. இதில் கிரீடத்துக்கு இடப்பக்கம் இருப்பது 'ஜி', அதாவது ஜார்ஜ் மன்னர். அதைச் சொன்னவர் எங்கள் கூட்டத்தில் நகை வேலை செய்யும் ஒருவர். லென்ஸ் வைத்துப் பார்த்துப் பழகிய கண். எனக்கு அது வெறும் கீறலாகத்தான் தெரிந்தது. காட்டுவதன் பலன் இதுதான்.

ஆனால் முத்திரையைப் பார்த்ததும் குதித்துவிடக் கூடாது. ராட்ஜர்ஸ் பெயருக்கு மவுசு அதிகம், அதனால் போலிகளும் ஏராளம். எழுத்து ஆழம் ஒரே சீராக இருக்கிறதா, ஸ்பிரிங் பிடியோடு சமமாக உட்கார்ந்திருக்கிறதா, ஆணித்தலை வழுவழுப்பாக இருக்கிறதா என்று எல்லாம் சேர்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

[காட்சி: கத்தி மெதுவாகத் திறந்து மூடுகிறது. ஒலி தெளிவாகக் கேட்க வேண்டும்.]

இப்போது காதைக் கொடுங்கள். டக். பாதியில் ஒரு டக், முழுதாகத் திறந்ததும் இன்னொரு டக். இந்த வகைக் கத்தியில் பூட்டு எதுவும் கிடையாது. பிடியின் முதுகுப் பக்கம் முழுக்க ஒரு இரும்புப் பட்டை ஓடுகிறது. அதுதான் ஸ்பிரிங். அலகின் அடிப்பகுதி சதுரமாக இருப்பதால், சதுரத்தின் தட்டையான பக்கம் ஸ்பிரிங்கின்மேல் வந்து படியும்போதெல்லாம் அலகு நிற்கிறது. மூலை வரும்போது ஸ்பிரிங் மேலே எழும்புகிறது, மூலை தாண்டியதும் விழுகிறது. அந்த விழுகைதான் நமக்குக் கேட்கும் சத்தம். நூறு வருஷக் கத்தியில் சத்தம் இப்படி உறுதியாக இருந்தால் ஸ்பிரிங்கில் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். சத்தம் இல்லாமல் அலகு தொளதொளவென்று ஆடினால் ஆணி தேய்ந்திருக்கலாம், இல்லை மூலை மழுங்கியிருக்கலாம்.

இன்னொன்று, அலகில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். சாணைக்காரரிடம் அடிக்கடி கொடுத்த கத்தி ஊசிபோல் மெலிந்திருக்கும். சாணைச் சக்கரத்தில் சூடேறி அலகின் விளிம்பு நீலம் பாரித்திருந்தால் அந்த இடத்தில் இரும்பின் பதம் போய்விட்டது, இனி கூர் நிற்காது. பாக்குக் கறையின் நீலம் வேறு, இந்த நீலம் வேறு. இது விளிம்பை ஒட்டி வானவில் மாதிரிப் பட்டையாக இருக்கும்.

[காட்சி: காரைக்கால் கடற்கரைச் சாலை. பிறகு மரப்பிடி போட்ட ஒரு கத்தி.]

டெல்டாவில் கத்தி தேடுபவர்கள் கும்பகோணத்தோடு நின்றுவிடக் கூடாது. காரைக்கால் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர். இன்றைக்கும் பிரான்சில் உறவுக்காரர் இருக்கும் குடும்பங்கள் அங்கே உண்டு. விடுமுறைக்கு வருகிறவர்கள் கொண்டுவரும் பொருள்களில் ஓப்பினெல் கத்தியும் ஒன்று. எனக்கு மிகவும் பிடித்த கத்தி இது. 1890-இல் பிரான்சின் சவாய் மலைப்பகுதியில் ஜோசப் ஓப்பினெல் என்பவர் செய்யத் தொடங்கியது. ஸ்பிரிங்கே கிடையாது. பீச் மரப்பிடி, அதில் ஒரு பிளவு, ஒரு அலகு, ஒரு ஆணி, ஒரு வளையம், அவ்வளவுதான். 1897-இல் 1 முதல் 12 வரை எண் போட்டு அளவுகள் வந்தன. நம்மிடம் அதிகம் வந்து சேர்வது 8-ஆம் எண், அலகு எட்டரை சென்டிமீட்டர்.

இதன் வயதைச் சொல்வது அந்த வளையம். திருகினால் அலகைப் பூட்டும் வளையம் 1955-இல்தான் வந்தது. ஆகவே 6-ஆம் எண்ணுக்கு மேற்பட்ட ஒரு கத்தியில் பூட்டு வளையமே இல்லையென்றால் அது அதற்கும் முந்தையது. வளையம் திறந்த நிலையில் மட்டும் பூட்டுகிறதா, மூடிய நிலையிலும் பூட்டுகிறதா என்று அடுத்துப் பாருங்கள். மூடியும் பூட்டும் வசதி 2000-இல் சேர்ந்தது. யாராவது உங்களிடம் "தாத்தா காலத்துக் கத்தி" என்று ஒன்றை நீட்டினால், வளையத்தைத் திருகிப் பார்த்தே பதில் சொல்லலாம்.

நம் ஊர் ஐப்பசி மழையில் ஓப்பினெல் ஒரு வேலை காட்டும். மரம் ஈரத்தை இழுத்து உப்பிக்கொள்ளும், அலகு பிளவுக்குள் இறுகி நகத்துக்கு வராது. நகத்தை உடைத்துக்கொள்ளாதீர்கள். வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருகிவிட்டு, பிடியின் அடிமுனையை ஒரு மரப்பலகையில் லேசாகத் தட்டுங்கள். அலகு தானாகக் கொஞ்சம் தலை நீட்டும். சவாய்க்காரர்களே இப்படித்தான் திறக்கிறார்கள்.

கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, நாகூர்ப் பக்கம் போனால் கதை வேறு. சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று போய் வந்தவர்களின் பெட்டிகளில் சுவிஸ் சிவப்புக் கத்தி இருக்கும். விக்டோரினாக்ஸ் வரலாறு பலருக்கும் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கார்ல் எல்சனர் 1884-இல் பட்டறை தொடங்கினார், 1891-இல் சுவிஸ் ராணுவத்துக்குக் கத்தி கொடுத்தார், 1897-இல் இன்று நாம் பார்க்கும் அதிகாரிக் கத்தியைப் பதிவு செய்தார். எவர்சில்வர் இரும்பு என்பதால் கடற்காற்றிலும் தாக்குப்பிடிக்கும். புதிதாகச் சேகரிக்கத் தொடங்கும் ஒருவருக்கு நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான்.

[காட்சி: நான்கு பிடிகள் வரிசையாக. கொம்பு, எலும்பு, செல்லுலாய்டு, மரம்.]

பிடிகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இந்தப் பளிங்குபோல் மின்னும் பிடி செல்லுலாய்டு, அந்தக் காலத்துப் பிளாஸ்டிக். துணியால் சூடேறத் தேய்த்து மோந்து பாருங்கள், கற்பூர வாசனை வரும். உண்மையிலேயே கற்பூரம் கலந்து செய்த பொருள் அது. அழகாக இருக்கும், ஆனால் வயதானால் சிதையத் தொடங்கி, அமில ஆவியை விடும். அந்த ஆவி பக்கத்தில் இருக்கும் கத்திகளையும் அரித்துவிடும். ஒரு டப்பாவுக்குள் எல்லாம் நன்றாக இருக்க, ஒரு மூலையில் மட்டும் துரு கிளம்பினால், அங்கே செல்லுலாய்டு பிடி இருக்கிறதா என்று பாருங்கள். அதை மூடிய டப்பாவில் வைக்காமல் காற்றோட்டமாகத் தனியே வைப்பதுதான் வழி.

மான் கொம்புப் பிடி, தந்தப் பிடி இரண்டும் சட்டச் சிக்கல். ஷெஃபீல்டுக்காரர்கள் நம் நாட்டுக் கடமான் கொம்பைக் கப்பல் கப்பலாக வாங்கிப் பிடி போட்டார்கள், அதனால் பழைய கத்திகளில் அது சகஜம். ஆனால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இவற்றை வாங்கி விற்க முடியாது. வரி வரியாகச் செதுக்கிச் சாயமேற்றிய மாட்டெலும்பு, பார்வைக்கு மான் கொம்பு மாதிரியே இருக்கும். அதில் பிரச்சினை இல்லை. வித்தியாசம் தெரியாவிட்டால் காசு கொடுக்கும் முன் கேளுங்கள். அலகு நீளத்தைப் பொறுத்தவரை, ஆயுத விதிகளில் உரிமம் கேட்பது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ளவற்றுக்கு. நம் பேனாக்கத்திகள் அந்தப் பக்கமே போவதில்லை. பட்டன் கத்திகளை எங்கள் கூட்டத்தில் சேர்ப்பதில்லை, டெல்லி போன்ற இடங்களில் அதற்குத் தனித் தடையே இருக்கிறது. அப்புறம், திருவிழாக் கூட்டத்துக்கும் விமான நிலையத்துக்கும் எந்தக் கத்தியையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

பராமரிப்பு எளிது. காட்டி முடித்த பிறகு, மெல்லிய துணியில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, ஆணியில் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக ஆகப் பிசினாகி அலகை ஒட்டவைக்கும். தோல் உறைக்குள் வைத்துப் பூட்டவும் வேண்டாம், தோல் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். நாகப்பட்டினம், வேதாரண்யம் மாதிரிக் கடலோர ஊர்க்காரர்கள் கார்த்திகை முடியும்வரை வாரம் ஒருமுறை டப்பாவைத் திறந்து பாருங்கள்.

[காட்சி: காலை வெயில் விழும் திண்ணை. கத்தி, பக்கத்தில் அளவுகோல்.]

படம் எடுத்துக் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் கத்தியை முழுதாகத் திறந்து, மேலிருந்து ஒரே ஒரு படம் எடுத்து அனுப்புகிறார்கள். அதில் எங்களால் எதுவும் சொல்ல முடியாது. அலகடி முத்திரை இரண்டு பக்கமும் வேண்டும். காலை வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழும்போது எடுத்தால், நேர் வெளிச்சத்தில் தெரியாத எழுத்துகூட எழும்பித் தெரியும். அப்படியும் படிக்க முடியாவிட்டால் முகத்துக்குப் போடும் பவுடரை விரலால் லேசாக ஒற்றுங்கள், பள்ளத்தில் தங்கி எழுத்து வெள்ளையாகத் தெரியும். விபூதி கூடாது, வெள்ளிப் பாத்திரம் துலக்குகிற பொருள் அது, கறையையும் சேர்த்து எடுத்துவிடும். முதுகுப் பக்கம் ஒரு படம், மூடிய நிலையில் ஒரு படம். எந்த ஊரில், எதோடு சேர்ந்து கிடைத்தது என்பதை மறக்காமல் எழுதுங்கள். செல்லத்தோடு என்று நான் சொல்லாமல் விட்டிருந்தால், அந்தக் கறுப்பைப் பார்த்து ஆளுக்கொரு காரணம் சொல்லியிருப்போம்.

கடைசியாக, நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கும் ஒன்று. ஷெஃபீல்டும் சவாயும் இருக்கட்டும், இந்த மண்ணில் ஏடு எழுதியவர்களிடமே மடக்கும் கருவி ஒன்று இருந்தது: மடக்கெழுத்தாணி. ஒரு முனையில் ஓலையை வாரிச் சீர்செய்யும் கத்தி, மறுமுனையில் எழுதும் கூர், இரண்டும் நடுவில் இருக்கும் பிடிக்குள் மடங்கும். திருவாவடுதுறை, மாயூரம், கும்பகோணம் என்று ஏடும் எழுத்தாணியுமாகப் படித்த ஊர்கள் நிறைந்த பகுதி இது. தஞ்சை சரசுவதி மகாலில் இருக்கும் ஓலைச்சுவடிகளைப் பார்க்கும்போதெல்லாம், அவற்றை வாரிய கத்திகள் எந்தப் பரணில் கிடக்கின்றனவோ என்றுதான் எனக்குத் தோன்றும்.

உங்கள் வீட்டுப் பழைய ஏட்டுக் கட்டோடு, பேனாக்கத்தி மாதிரி இருந்தும் ஒரு பக்கம் அலகும் மறுபக்கம் ஊசியுமாக ஏதாவது அகப்பட்டால், எனக்கு அதை விற்க வேண்டியதில்லை. துரு இறுகியிருந்தால் வலிந்து திறக்காதீர்கள், ஆணி முறிந்துவிடும். இரண்டு முனையும் எந்தப் பக்கமாக மடங்குகின்றன, பிடி மரமா, தந்தமா, இரும்பா, இது தெரிகிற மாதிரி இரண்டு படம் எடுத்து வையுங்கள். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை எங்கே என்றாலும் நானும் அந்த நகை வேலைக்காரரும் லென்ஸோடு நேரில் வருகிறோம்.