ஐஸ் கணக்கில் மைனஸ் 6.6 டிகிரி வருகிறதா? தப்பு எங்கே?

வணக்கம் நண்பர்களே! 30 டிகிரியில் 200 கிராம் தண்ணீர் இருக்கிறது. அதில் 0 டிகிரி ஐஸ் 100 கிராம் போடுகிறோம். கடைசியில் வெப்பநிலை என்ன? ‘இழந்த வெப்பம் = பெற்ற வெப்பம்’ என்ற சூத்திரத்தில் எண்களைப் போட்டால் மைனஸ் 6.6 டிகிரி வரும். போட்ட ஐஸை விட அதிகமாகக் குளிர்ந்த தண்ணீர்! வீடியோவை நிறுத்திவிட்டு நீங்களும் போட்டுப் பாருங்கள்.

(திரையில்: −6.6°)

பெருக்கல், கழித்தல் எல்லாம் சரிதான். ஐஸ் முழுக்க உருகிவிடும் என்று நாமாகவே முடிவு கட்டிவிட்டோம், அங்கேதான் வழுக்கியது. அதனால் முதலில் வரவு செலவு பார்ப்போம். ஒரு கிராம் தண்ணீர் ஒரு டிகிரி இறங்கினால் 4.18 ஜூல் கொடுக்கும். தண்ணீர் 0 டிகிரி வரை இறங்கினால் கொடுப்பது 200 × 4.18 × 30, அதாவது 25,080 ஜூல். ஐஸ் முழுக்க உருகக் கேட்பது 100 × 334, அதாவது 33,400 ஜூல். பத்தாது! 75 கிராம் உருகும், 25 கிராம் மிதந்துகொண்டே இருக்கும். விடை 0 டிகிரி.

ஒரு கிராம் ஐஸ் சூடேறாமல் உருக மட்டும் கேட்கும் அந்த 334 ஜூல்தான் உள்ளுறை வெப்பம். 1760களில் கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் அளந்து காட்டியது. வரலாறு இவ்வளவு போதும், ஏனென்றால் எனக்கு மிகவும் பிடித்த இடம் அடுத்து வருகிறது.

ஒரு கிராம் ஐஸை உருக்க மட்டும் ஆகும் வெப்பத்தில், உருகிய அந்தத் தண்ணீரை 80 டிகிரி வரை சூடாக்கிவிடலாம். நீராவி இன்னும் பயங்கரம். ஒரு கிராம் ஆவி தண்ணீராக மாறும்போதே 2,260 ஜூல் கொட்டுகிறது. கொதிநீர் ஒரு கிராம் கையில் பட்டு 37 டிகிரிக்கு ஆறினால் கொடுப்பது சுமார் 263 ஜூல்தான். அதே ஒரு கிராம் ஆவியாக வந்து பட்டால் இரண்டும் சேர்ந்து 2,523, கிட்டத்தட்ட பத்து மடங்கு! இட்லிப் பானையைத் திறக்கும்போது அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வது இதனால்தான். குக்கரில் வெயிட் போடும் முன் உற்றுப் பாருங்கள். மூடிக் குழாய்க்கும் வெள்ளைப் புகைக்கும் நடுவே கொஞ்சம் இடம் காலியாகத் தெரியும். அங்கே இருப்பதுதான் அசல் நீராவி, அது கண்ணுக்குத் தெரியாது. வெள்ளையாகத் தெரிவது ஆறித் துளியானது. அந்தக் காலி இடத்தில் தயவுசெய்து விரலை நீட்டாதீர்கள்.

சரி, விசைக்கு வருவோம். 5 கிலோ பெட்டி, உராய்வுக் குணகம் 0.5, நீங்கள் தள்ளுவது 10 நியூட்டன். உராய்வு 0.5 × 5 × 10 (புவியீர்ப்பு முடுக்கம் சுமார் 10), அதாவது 25 என்று எழுதிக் கழித்தால் மைனஸ் 15. அதாவது நீங்கள் தள்ள, பெட்டி உங்களை நோக்கி ஓடி வருகிறது! 25 என்பது உராய்வின் உச்சவரம்பு. இங்கே அது திருப்பிக் கொடுப்பது வெறும் 10. பெட்டி அசையாது.

மின்புலத்திலும் இதே கதை. மின்னூட்டம் பெற்ற உலோகக் கோளக் கூட்டின் உள்ளே ஒரு புள்ளியைக் கேட்டால், தூரத்தின் வர்க்கத்தால் வகுக்க ஓடாதீர்கள். உள்ளே புலம் பூஜ்யம்.

இப்போது உங்கள் முறை. அதே 200 கிராம் தண்ணீர், அதே ஐஸ். கடைசிச் சில்லு கரையும்போது தண்ணீர் சரியாக 0 டிகிரியில் நிற்க வேண்டும். அப்படியென்றால் எத்தனை டிகிரியில் தொடங்க வேண்டும்? விடையை மட்டும் போடாமல், முதலில் எதைச் சரிபார்த்தீர்கள் என்பதையும் கமெண்டில் எழுதுங்கள், ஒவ்வொன்றாகப் படிக்கிறேன்.